உத்தரத்தில் எழுதிய சரித்திரம்

நம் நாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், கல்வெட்டையும் செப்பேட்டையும், பழைய நாணயங்களையும், கடல் கடந்து வந்த யாத்திரிகர்கள் எழுதிவைத்த குறிப்புக்களையும் ஆதாரமாகக் கொண்டு, எந்த அரசன் எந்த வருஷத்தில் பட்டமேற்றான், எந்த ஊரை எந்தக் கோயிலுக்குத் தேவதானமாக விட்டான் என்பவற்றைப் பெரும்பாலும் ஐயமறத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த அரசன் ஆண்ட காலத்தில் ஆடியில் ஆறு பெருகியதா, ஐப்பசியில் அடைமழை பிடித்ததா, அல்லது மூன்று வருஷம் தொடர்ந்து வானம் பொய்த்துக் குடிகள் ஊரைவிட்டு ஓடினார்களா என்று கேட்டால், அந்த ஆதாரங்களில் மிகச் சிலவே விடை சொல்கின்றன. மழைமானியை வைத்து மழையை நாள்தோறும் அளந்து ஏட்டில் பதியும் பழக்கம் இந்தியாவில் ஏறக்குறைய 200 வருஷங்களாகத்தான் உண்டு. உலகத்தின் பல பாகங்களில் அதுகூட இல்லை. அதற்கு முற்பட்ட ஆயிரக்கணக்கான வருஷங்களின் மழையையும் வெயிலையும் அறிய வேண்டுமானால், மனிதனுடைய எழுத்தைத் தவிர வேறு சாட்சி தேவைப்படுகிறது. அத்தகைய சாட்சி மலைச்சரிவிலும், ஆற்று வண்டலுக்கடியிலும், பாழடைந்த வீட்டின் உத்தரத்திலும் இருக்கிறது என்பதையும், அதைக் குறுக்கு விசாரணை செய்து உண்மையைப் பிரித்தெடுக்க முடியும் என்பதையும் சென்ற 100 வருஷங்களில் விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையமே அந்தச் சாட்சி.

மரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று அடிமரத்தைச் சுற்றிலும் போர்த்தியிருக்கிறது. மரம் பருக்கப் பருக்க உட்புறத்தில் சேரும் கட்டை முழுவதையும் உண்டாக்குவது இந்தப் படலமே. குளிர்நாடுகளில் வசந்தருது பிறந்து, தளிர்கள் அரும்பி, வேர்கள் தாராளமாக நீரை உறிஞ்சும்போது, இப்படலம் அகன்றவையும் மெல்லிய சுவரை உடையவையுமான உயிரணுக்களை விரைந்து பெருக்குகிறது. கோடை முதிர்ந்து இலையுதிர் காலம் நெருங்க நெருங்க, அவ்வணுக்கள் சிறுத்து, சுவர் தடித்து, கடைசியில் வளர்ச்சியே நின்றுபோகிறது. முன்னே தோன்றியவை வெளிர்நிறமாகவும் பின்னே தோன்றியவை கருநிறமாகவும் காண்பதால், சென்ற வருஷத்தின் கருமைக்கும் மறுவசந்தத்தில் தொடங்கும் வெளிர்மைக்கும் நடுவே கூரான கோடு ஒன்று விழுகிறது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரையில் உள்ளது மரத்தின் ஒரு வயது.

எல்லா மரங்களும் இப்படிக் கணக்கு வைப்பதில்லை. நம் பனையிலும் தென்னையிலும் மேற்சொன்ன உயிர்ப்படலமே கிடையாது. ஆதலால் அவற்றைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பவருக்கு நார்க்கற்றைகளின் புள்ளிகள் தெரியுமேயன்றி வளையம் தெரியாது. வெளியே படிப்படியாகத் தோன்றும் வரைகள் மட்டை விழுந்த தழும்புகள். உஷ்ணப் பிரதேசத்து மரங்கள் பலவும், உறங்குவதற்கென்று ஒரு குளிர்காலம் அமையாமையால், தெளிவான வளையத்தை உண்டாக்குவதில்லை. இந்த விதிக்குத் தேக்கு ஒரு சிறந்த விலக்கு. வேனிலில் இலையை அடியோடு உதிர்த்துவிட்டு நிற்கும் தேக்கு, மீண்டும் வளரத் தொடங்கியதும் முதற்காரியமாக நீரை ஏற்றுவதற்குரிய பெரிய குழல்களை வரிசையாக அமைக்கிறது. பிறகு சிறிய குழல்களோடு அடர்த்தியான கட்டையைச் சேர்க்கிறது. நன்றாக இழைத்த தேக்குச் சட்டத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சற்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், ஊசியால் குத்தியவை போன்ற துவாரங்கள் வில்வளைவாக அணிவகுத்து நிற்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அந்த அணிகள் ஒவ்வொன்றும் ஒரு வருஷத்தின் தொடக்கம்.

வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்பது தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். வளையத்தின் அகலம் மழைமிகுந்த வருஷத்தையும் வறண்ட வருஷத்தையும் காட்டுகிறது என்பதை இத்தாலிய மேதையான லியனார்டோ டாவின்சியும் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு மரத்தின் வளர்ச்சிக்கும் இடத்துக்கு ஏற்றபடி ஒரு முட்டுக்கட்டை உண்டு. நீர் அருகிய வறண்ட மேட்டில் நிற்கும் மரத்துக்கு மழையே குறை. பனி மூடிய சிகரத்தில் நிற்பதற்குக் கோடையின் வெப்பமே குறை. எனவே முன்னதின் வளையம் மழையைச் சொல்லும், பின்னது வெயிலைச் சொல்லும். ஆற்றங்கரையில் குறைவின்றி நீர் குடித்து வளர்ந்த மரமோ, நல்ல வருஷம் கெட்ட வருஷம் என்ற பேதமின்றி ஒரே அளவான வளையங்களைப் போட்டுக்கொண்டு போகும். அத்தகைய சுகவாசியிடம் விசாரிப்பதில் பயனில்லை. பாறை இடுக்கில் வேர்விட்டு, வருஷத்துக்கு வருஷம் உயிருக்குப் போராடிக் கோணிக் குறுகி நிற்கும் மரமே ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போகும் மரம்.

அந்த மரத்தை அவர்கள் வெட்டுவதில்லை. உள்ளே துவாரமுள்ள எஃகுத் திருகு ஒன்றை மரத்தின் நடுவை நோக்கிச் செலுத்தி, பென்சிலைவிட மெல்லியதான கட்டைக்குச்சி ஒன்றை உருவி எடுக்கிறார்கள். மரம் அந்தக் காயத்தைத் தன் பிசினால் மூடிக்கொண்டு மேலே வளரும். எடுத்த குச்சியைச் சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் கண்ணாடிபோல் தேய்த்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் அளக்கிறார்கள். இங்கேதான் வெறும் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. கடும் வறட்சியான வருஷத்தில் அடிமரத்தில் வளையமே விழாமற் போவதுண்டு. வளர்ச்சி நடுவில் தடைப்பட்டு, எதிர்பாராத மழையால் மறுபடி தொடங்கினால் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் விழுந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. ஆகையால் ஒரு மரத்தின் சொல்லை நம்பாமல், அதே பிரதேசத்தின் பல மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் வரும் அகல வளையங்களையும் குறுகல் வளையங்களையும் பொருத்திப் பார்த்தே வருஷத்தை நிச்சயிக்கிறார்கள். இவ்வாறு பொருத்துவதால் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு சுவடியின் இறுதி ஏடுகளும் மற்றொரு சுவடியின் முதல் ஏடுகளும் ஒரே பாடமாக இருக்கக் கண்ட பதிப்பாசிரியர், ஒன்றின் தொடர்ச்சி மற்றது என்று துணிவதுபோல, இன்று உயிரோடிருக்கும் மரத்தின் உள்வளையங்களோடு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களையும், அதன் உள்வளையங்களோடு அதனினும் பழைய கட்டை ஒன்றின் வெளிவளையங்களையும் இணைத்து, இணைத்து, எந்த ஒரு மரத்தின் ஆயுளுக்கும் எட்டாத காலம்வரை பின்னோக்கிச் செல்லலாம்.

இந்த முறையைச் சாஸ்திரமாக்கியவர் தாவர நிபுணரல்லர், ஒரு வானநூலார். ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் என்பவர், பெர்சிவல் லோவல் என்னும் செல்வந்தர் செவ்வாய்க் கிரகத்தை ஆராய்வதற்காக நிறுவ விரும்பிய நோக்குக்கூடத்துக்கு இடம் தேடி, 1894-இல் அமெரிக்காவின் அரிசோனாப் பிரதேசத்துக்கு வந்து, பிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில் அதை அமைக்க உதவினார். சில வருஷங்களில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் முற்றி, 1901-இல் டக்ளஸ் வேலையை இழந்தார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கொருமுறை பெருகிக் குறைவது அக்காலத்தில் தெரிந்த செய்தி. சூரியனின் இந்த ஏற்றத்தாழ்வு பூமியின் மழையைப் பாதிக்குமானால், அந்த வறண்ட நாட்டில் மழையையே நம்பி நிற்கும் பைன் மரங்களின் வளையங்களில் அதன் சுவடு இருக்க வேண்டுமல்லவா என்று அவர் எண்ணினார். மரம் அறுக்கும் ஆலைகளில் சென்று அடிக்கட்டைகளை ஆராயத் தொடங்கிய அவர், பல மைல் தூரத்துக்கு அப்பாற்பட்ட மரங்களிலும் ஒரே விதமான வளைய வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். எங்கோ ஒரு குடியானவன் நிலத்தில் கிடந்த அடிக்கட்டையைப் பார்த்து, அது இன்ன வருஷத்தில் வெட்டப்பட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது. அவர் தேடிய சூரியச் சுழற்சி இறுதிவரை ஐயத்துக்கிடமாகவே நின்றது. தேடாத ஒரு புதிய சாஸ்திரம் கைவசமாயிற்று.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாகத்தில், வெள்ளையர் வருவதற்குப் பன்னூறு வருஷங்களுக்கு முன்னரே, பியூப்லோ மக்கள் எனப்படும் ஆதிகுடிகள் கல்லாலும் மரத்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்புக்களை எழுப்பியிருந்தார்கள். நியூ மெக்ஸிகோவின் சாக்கோப் பள்ளத்தாக்கிலுள்ள பியூப்லோ பொனிட்டோ என்னும் கட்டடம் நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்டது. எழுத்தில்லாத அம்மக்கள் அதை எப்போது கட்டினார்கள், ஏன் கைவிட்டார்கள் என்பது அப்போது எவருக்கும் தெரியாதிருந்தது. ஆனால் அதன் கூரைகளில் பைன் உத்தரங்கள் இருந்தன. நியூயார்க்கிலுள்ள இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையார் அனுப்பிய உத்தரத் துண்டுகளை ஒப்பிட்ட டக்ளஸ், அவை முதலானவற்றைக்கொண்டு 585 வருஷ நீளமுள்ள வளைய வரிசை ஒன்றை அமைத்துவிட்டார். இந்தக் கட்டடம் அந்தக் கட்டடத்துக்கு இத்தனை வருஷம் மூத்தது என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. ஆயினும் அந்த 585 வருஷமும் கிறிஸ்து சகாப்தத்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பது மட்டும் தெரியவில்லை. உயிருள்ள மரங்களிலிருந்தும், ஹோப்பி மக்களின் ஒராய்பி போன்ற பழைய கிராமங்களின் உத்தரங்களிலிருந்தும் பின்னோக்கிச் சென்ற வரிசையோ 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை எட்டித் தயங்கி நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டியிருந்தது.

அந்தப் பாலத்தைத் தேடி நேஷனல் ஜியாகிரபிக் சங்கத்தின் பொருளுதவியோடு மூன்று ஆராய்ச்சிப் பயணங்கள் புறப்பட்டன. 1929-ஆம் வருஷம் ஜூன் 22-ஆம் தேதி, அரிசோனாவில் ஷோ லோ என்னும் சிற்றூரின் பழைய மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்த லிண்டன் ஹார்கிரேவ், எமில் ஹாரி என்னும் இருவரும் கரிந்துபோன ஓர் உத்தரத் துண்டைக் கண்டார்கள். நெருப்பில் கரியானதே அதை மக்கிப்போகாமல் காப்பாற்றியிருந்தது. ஆனால் கை பட்டால் உதிர்ந்துவிடும் நிலை. எனவே அதை நூலால் சுற்றிக் கட்டி, பாராபின் மெழுகில் தோய்த்துக் கெட்டியாக்கி எடுத்தார்கள். எச்.எச். 39 என்ற எண் பெற்ற அந்தக் கரித்துண்டை டக்ளஸ் அன்று மாலையே ஆராய உட்கார்ந்தார். அதன் உள்வளையம் 1237-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது, வெளிவளையம் 1380-ஐ ஒட்டியது என்பது தெளிவானதும், இரண்டு வரிசைகளும் ஒன்றாகிவிட்டன. இதில் வேடிக்கை என்னவெனில், இடையில் உண்மையான இடைவெளியே இருக்கவில்லை. இரண்டு வரிசைகளின் நுனிகளும் முன்னரே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. ஆயினும் அந்தக் காலத்தில் வறட்சி மிகக் கடுமையாக இருந்ததால் வளையங்கள் நூலிழைபோல் குறுகியும், கிடைத்த கட்டைகள் சொற்பமாகவும் இருந்தன. அதனால் எவராலும் துணிந்து பொருத்த முடியவில்லை.

ஒரே நாளில் தென்மேற்கின் பாழூர்கள் பலவற்றுக்கு வயது கிடைத்தது. பியூப்லோ பொனிட்டோவின் மரங்கள் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெட்டப்பட்டவை என்று டக்ளஸ் கணித்தார். கொலராடோவின் மேசா வெர்டேயில் மலைக்குகைகளுக்குள் கட்டிய மாளிகைகளில் புதிய உத்தரம் ஏறுவது 13-ஆம் நூற்றாண்டு முடியுமுன் நின்றுவிட்டது. 1276 முதல் 1299 வரை அப்பிரதேசத்தை வாட்டிய பெரும் வறட்சியைக் குறுகிய வளையங்கள் காட்டின. ஊர்கள் வெறுமையானதும் அதே காலத்தில்தான். பஞ்சமே அம்மக்களை விரட்டியது என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவு எளிதில் ஒப்பவில்லை. அதற்கு முந்தைய நூற்றாண்டிலும் நீண்ட வறட்சி வந்தது. அப்போது மேசா வெர்டே காலியாகவில்லை. இம்முறை மழையின்மையோடு, உள்நாட்டுக் கலகமும், மண்ணும் விறகும் தீர்ந்துபோனதும் சேர்ந்துகொண்டன என்று அவர்கள் கருதுகிறார்கள். வானம் செய்தது இன்னது என்று மரம் சொல்லும். மனிதன் செய்தது என்ன என்பதை வேறு சாட்சிகளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். சாக்கோப் பள்ளத்தாக்கு உத்தரங்களின் வளைய வரிசையைச் சுற்றிலுமுள்ள மலைகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு, மாடோ வண்டியோ இல்லாத அம்மக்கள் 75 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மலைகளிலிருந்து அந்த மரங்களைச் சுமந்து வந்தார்கள் என்பதையும் பிற்காலத்தவர் கண்டுபிடித்தார்கள்.

டக்ளஸ் 1937-இல் டூசான் நகரின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய மரவளைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த எட்மண்ட் ஷுல்மன் என்பவர், கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில், ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், மண்ணென்று சொல்லத் தகாத சுண்ணாம்புக் கற்களின்மேல் முறுக்கிக்கொண்டு நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று 4,000 வருஷத்தைக் கடந்தது என்பதை 1957-இல் கண்டு, அதற்கு மெதூசலா என்று விவிலியத்தின் தீர்க்காயுளாளர் பெயரைச் சூட்டினார். அந்த மரம் இன்னும் உயிரோடிருக்கிறது. 1964-இல் நெவாடாவில் அதனினும் மூத்த மரமொன்றை ஆராய்ச்சிக்காக வெட்டியே விட்டார்கள். வெட்டிய பின் எண்ணியதில் 4,862 வளையங்கள் தேறின. அம்மலைகளில் விழுந்து மக்காமல் கிடக்கும் பழைய கட்டைகளையும் சேர்த்து வரிசையை மேலும் சில ஆயிரம் வருஷம் நீட்டினார்கள். ஜெர்மனியில் ஆற்றுப் படுகைகளிலிருந்து எடுத்த ஓக், பைன் கட்டைகளைக்கொண்டு அமைத்த வரிசை 12,000 வருஷத்துக்கும் மேற்பட்டது.

இந்த நெடுங்கணக்கு புதைபொருள் ஆராய்ச்சி முழுவதையுமே ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டது. பழம்பொருளில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரியை அளந்து அதன் வயதைச் சொல்லும் முறையை 1949-இல் வெளியிட்ட வில்லார்ட் லிபி, அதற்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றார். காற்றில் அந்தக் கரியின் அளவு எக்காலத்திலும் ஒன்றே என்பது அவர் கொண்ட அனுமானம். வருஷம் நிச்சயமாகத் தெரிந்த பிரிஸ்டில்கோன் வளையங்களையே எடுத்து அம்முறையால் அளந்து பார்த்தபோது, பழங்காலத்துக்குப் போகப் போக அம்முறை உண்மையான வயதைப் பல நூறு வருஷம் குறைத்துச் சொல்கிறது என்பது வெளிப்பட்டது. அந்தக் குறையை நிரப்பிக் கணக்கிட்டதும், எகிப்து முதலான கிழக்கு நாடுகளிலிருந்து கற்றுக்கொண்டு கட்டியவை என்று பண்டிதர்கள் கருதிவந்த மேற்கு ஐரோப்பியக் கற்சமாதிகள் எகிப்தின் பிரமிடுகளுக்கே மூத்தவை ஆகிவிட்டன. குரு சிஷ்ய முறை தலைகீழாயிற்று.

ஆசியாவின் பருவமழையைப்பற்றி மரங்களிடம் விசாரிப்பது, உஷ்ணநாட்டு மரங்களின் இயல்பு காரணமாக, நெடுங்காலம் எளிதாக இல்லை. வியட்நாமின் தென்மலைகளில் வளரும் சைப்ரஸ் இனத்து மரங்களில் 700 வருஷத்துக்கு மேற்பட்ட வளைய வரிசையை அமைத்து, பிரெண்டன் பக்லியும் அவரோடு உழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல வருஷங்கள் நீடித்த வறட்சியும், அவற்றின் நடுவே அளவுமீறிய பெருமழையும் மாறி மாறி வந்தன என்று அந்த வளையங்கள் கூறின. அண்டை நாடான கம்போஜத்தில், ஏரிகளாலும் கால்வாய்களாலும் உயிர்வாழ்ந்த அங்கோர் மாநகரம் நலிந்து, தலைநகர் தெற்கே பெயர்ந்ததும் ஏறக்குறைய அதே காலம். சிறிய நீர்வரத்துக்கென்று வறட்சியில் திருத்தியமைத்த வாய்க்கால்களை வெள்ளம் மணலால் தூர்த்துவிட்டதற்கு அடையாளங்களும் மண்ணில் உள்ளன. சயாமியரின் படையெடுப்பு இறுதி அடியாக இருந்தாலும், நகரத்தின் முதுகெலும்பை நீர் ஏற்கெனவே முறித்துவிட்டிருந்தது.

அதே 2010-இல் எட்வர்ட் குக் முதலானோர் ஆசியாவெங்கும் 300-க்கு மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைத் திரட்டி, கி.பி. 1300 முதல் வருஷவாரியாக வறட்சிப் படம் ஒன்றை வரைந்தார்கள். அதில் நான்கு பெருவறட்சிகள் தலைதூக்கித் தெரிகின்றன: சீனத்தில் மிங் வம்சம் வீழ்வதற்குச் சற்று முன் வந்த 1638-41 வறட்சி, தென்கிழக்காசிய அரசுகள் பல ஆட்டங்கண்ட 1756-68 வறட்சி, இந்தியாவைப் பீடித்த 1790-96 வறட்சி, நான்காவதாக 1876-78. இந்த நான்காவதைத் தமிழர்களுக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்களின் வாயில் மூன்று தலைமுறை வழங்கிவந்த அந்தக் க்ஷாமத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் நீர் அளவுமீறிச் சூடாகும் எல் நினோ என்னும் கோளாறே அந்த மழையின்மைக்கு மூலம் என்பதும், அந்தச் சமயத்தில் ஆசியாவின் பெரும்பகுதி ஒருங்கே வறண்டது என்பதும் மரங்கள் கூட்டாகச் சொல்லும் செய்தி. ஆனால் பசித்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ஆங்கில அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதியான ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்ததையும், ஜனங்கள் சாகும்போதே தானியம் கப்பலேறிச் சீமைக்குச் சென்றதையும் எந்த மரமும் பதிந்துவைக்கவில்லை. மழை குறைந்தது வானத்தின் செயல். அது மரணமாக முடிந்ததில் அரசாங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் பிராந்தியத்துக்கு இன்னும் நெருங்கிய சாட்சி கேரளத்துத் தேக்கு. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், 1481 முதல் 2003 வரை 523 வருஷங்களுக்குக் கேரளத் தேக்கின் வளைய வரிசையை அமைத்து, பருவமழை பொய்த்த வருஷங்களும் எல் நினோ வருஷங்களும் குறுகிய வளையங்களாகத் தெரிவதைக் காட்டியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு மருங்கும் ஒரே மழையைப் பெறுவதில்லையாயினும், காவிரியின் தண்ணீரில் பெரும்பகுதி அம்மலைத் தொடரில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையிலிருந்தே வருவதால், இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று.

மழையோடு தொடர்பில்லாத சம்பவங்களையும் வளையங்கள் நாள் குறித்துச் சொன்னதுண்டு. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், கடல்நீர் ஏறும் சதுப்பு நிலங்களில் செத்து நிற்கும் செஞ்செடார் மரங்கள் பல உண்டு. நிலம் திடீரென்று அமிழ்ந்து உப்புநீர் ஏறியதாலேயே அவை இறந்தன என்று நிலநூலார் கருதினார்கள். அடிமரத்தின் வெளிப்புறம் காற்றாலும் மழையாலும் தேய்ந்துபோயிருந்தமையால், சேற்றுக்குள் பட்டையோடு பத்திரமாகக் கிடந்த வேர்களைத் தோண்டி எடுத்து எண்ணியதில், கடைசி வளையம் 1699-ஐச் சேர்ந்தது என்றும், 1700-இன் வளர்ச்சி தொடங்கவேயில்லை என்றும் தெரிந்தது. கடலுக்கு அப்பால் ஜப்பானியக் கிராமங்களின் குறிப்பேடுகளோ, எந்தப் பூகம்பமும் உணரப்படாமலே 1700 ஜனவரி இறுதியில் ஆழிப்பேரலை ஒன்று வந்து தாக்கியதாகச் சொல்கின்றன. இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, 1700 ஜனவரி 26-ஆம் தேதி இரவு அமெரிக்கக் கரையில் ஏறக்குறைய 9 அளவுள்ள பெரும் பூகம்பம் நிகழ்ந்தது என்பது உறுதியாயிற்று. அக்கரையிலுள்ள நகரங்கள் இன்று தம் கட்டட விதிகளைத் திருத்திக்கொண்டதற்கு இந்தச் செத்த மரங்களும் ஒரு காரணம்.

ஒரு தலைமுறையின் நினைவைக்கொண்டு வானத்தின் குணத்தை அளப்பது எவ்வளவு அபாயம் என்பதற்குக் கொலராடோ ஆற்றின் கதையைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அந்த ஆற்றின் நீரை ஏழு ராஜ்யங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் 1922-இல் எழுதப்பட்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரை ஏக்கர் அடி என்பார்கள். அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 1.6 கோடி ஏக்கர் அடிக்கு மேல் நீர் வரும் என்று நம்பி, மேற்படுகைக்கு 75 லட்சமும் கீழ்ப்படுகைக்கு 75 லட்சமும் ஒதுக்கினார்கள். அவர்களிடமிருந்த அளவுக்குறிப்புக்கள் மிகச்சில வருஷங்களுடையவை. 1976-இல் சார்லஸ் ஸ்டாக்டன், கார்டன் ஜேக்கபி என்பவர்கள் அந்தப் படுகையின் மரவளையங்களைக்கொண்டு பல நூற்றாண்டுகளின் நீர்வரத்தைக் கணித்தபோது, உண்மையான சராசரி ஏறக்குறைய 1.35 கோடி ஏக்கர் அடியே என்றும், ஒப்பந்தத்துக்கு ஆதாரமான வருஷங்கள் பல நூற்றாண்டுகளில் காணாத ஈரமான வருஷங்கள் என்றும் வெளிப்பட்டது. ஆற்றில் இல்லாத நீரைப் பங்குபோட்டுக்கொண்ட அந்த ராஜ்யங்கள் இன்றளவும் வழக்கிலும் வாதத்திலும் உழல்கின்றன.

வெப்பத்தைப் பற்றியும் மரங்கள் கூறும் செய்தி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பூமியின் வடபாதியில், உஷ்ணமண்டலத்துக்கு அப்பாலுள்ள நிலப்பரப்பின் கோடைகளை மரவளையங்களைக்கொண்டு 2,000 வருஷத்துக்குக் கணித்த ஆராய்ச்சியாளர்கள், 2023-ஆம் வருஷத்துக் கோடைக்கு ஈடான வெப்பம் அந்தக் காலம் முழுவதிலும் இல்லை என்று 2024-இல் தெரிவித்தார்கள். எரிமலைப் புகையால் சூரியன் மங்கிய 536-ஆம் வருஷத்துக் குளிரும், தம்போரா எரிமலை வெடித்ததன் பயனாக 1816-இல் ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போனதும், அதே வளையங்களில் தவறாமல் பதிந்திருக்கின்றன. ஆகவே அவற்றின் சொல்லைத் தள்ளுவதற்கு நியாயமில்லை.

இனித் தமிழ் வாசகர்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். செட்டிநாட்டு மாளிகைகளில் நகரத்தார் பர்மாவிலிருந்து தருவித்த தேக்குத் தூண்களும் உத்தரங்களும், பழைய வீடுகளிலும் மடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நம் மலைகளிலிருந்தே வந்த தேக்குச் சட்டங்களும் இன்று நாள்தோறும் பிரிக்கப்பட்டு, பழைய மரக்கடைகளில் எடைக்கும் கன அடிக்கும் விற்கப்பட்டு, அறுத்து இழைத்துப் புதுக்கதவாகவும் மேசையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. பர்மியத் தேக்கிலிருந்தும் மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட மழைக்கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்திருக்கிறார்கள் என்பதால், அந்தக் கட்டைகளில் உள்ளது வெறும் மரமன்று. வீட்டைப் பிரிப்பவர்கள், உத்தரத்தின் நுனியில் பட்டையை ஒட்டிய வெளிர்மரம் எஞ்சியிருக்குமானால், அந்த நுனியில் நாலு விரற்கிடைத் துண்டு ஒன்றை அறுத்து வைத்து, வீடு எந்த ஊரில், எந்த வருஷம் கட்டியது, மரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவரையில் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் பிரிவிலோ புவியியல் பிரிவிலோ சேர்ப்பித்தால், விற்பவருக்கு அதனால் குறையும் காசு சொற்பம். நம் மழையின் சரித்திரத்துக்குச் சேரும் லாபமோ, ஒருமுறை அறுத்து எரித்துவிட்டால் எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாதது.